கான்சலஸ் ஸ்குரூ: பலகணி எலும்பைப் பிடிக்கும் திருகாணி

வயதானவர் வழுக்கி விழுந்து, தொடையெலும்பின் கழுத்தில் விரிசல். ஆபரேஷன் முடிந்து கொடுக்கும் தாளில் 'சிசி ஸ்குரூ' என்று இருக்கும். விசாரிக்க வருகிறவர்களிடம் "மூணு ஆணி அடிச்சிருக்காங்க" என்று வீட்டில் சொல்வார்கள். அடிப்பது வேறு, திருகுவது வேறு. தோட்டில் இருக்கிறதே, திருகாணி, அதுதான் இதற்கும் சரியான பெயர்.

'சிசி' என்பது கான்யுலேட்டட் கான்சலஸ். முதல் சொல்லின் வேர் லத்தீனில் நாணலைக் குறிக்கும் 'கன்னா'. திருகாணியின் நடுவே நாணல்போல் துளை உண்டு. முதலில் மெல்லிய கம்பியை எக்ஸ்ரேயில் பார்த்தபடி எலும்புக்குள் செலுத்துவார்கள். கம்பி சரியான இடத்தில் நின்றதும், பாசி கோப்பதுபோலத் திருகாணியை அதில் கோத்து முறுக்குவார்கள். இதைத் துளைத் திருகாணி எனலாம்.

'கான்சலஸ்' திருகாணியின் பெயரே அல்ல, எலும்புக்குள் கண் கண்ணாக இருக்கும் பகுதியின் பெயர். லத்தீனில் 'கான்செல்லி' என்றால் கிராதி. எழுதியதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு அடித்தால் கிராதி மாதிரி தெரியும், அதிலிருந்துதான் 'கேன்சல்' வந்தது. கிராதித் தடுப்பருகே நின்ற நீதிமன்றப் பணியாளரின் பெயர்தான் பல்கலைக்கழகச் 'சான்சலர்' வரை வளர்ந்தது.

இந்தப் பகுதியைத் தமிழில் பஞ்சு எலும்பு என்கிறோம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பஞ்சு அமுங்கும், அதன் இழைகளுக்கு ஒழுங்கும் கிடையாது. இந்த எலும்பின் இழைகளோ உடலின் பாரம் இறங்கும் வழியிலேயே ஓடுகின்றன. 1860களில் சூரிக்கில் உடற்கூறியல் அறிஞர் மேயர் தொடையெலும்பின் உள்ளமைப்பைக் காட்டியபோது, பாரந்தூக்கியில் விசை பாயும் கோடுகளை அதில் அடையாளம் கண்டார் பொறியாளர் குல்மன். இப்படிப்பட்ட எலும்புக்குப் பலகணி எலும்பு என்ற பெயர்தான் பொருந்தும். பல கண் கொண்ட சாளரத்துக்கு நம்மிடம் இருக்கும் பழைய சொல் அது.

கண்கள் நிறைந்த எலும்பில் நெருக்கமான சின்ன மரை (திருகாணியைச் சுற்றி ஓடும் சுருள் விளிம்பு) பிடிக்காது. அதனால் இந்தத் திருகாணியின் மரை ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும். 6.5 மி.மீ. திருகாணியில் நடுத்தண்டு 3 மி.மீ. அளவுதான் (இது துளையில்லாத வகையின் கணக்கு), மீதி முழுக்க மரை. பிடுங்கினால் எவ்வளவு தாங்கும் என்பது மரையின் அகலம், அது எலும்பைக் கவ்வியிருக்கும் நீளம், எல்லாவற்றுக்கும் மேலாக எலும்பின் அடர்த்தி ஆகியவற்றைப் பொறுத்தது. எலும்புத் தேய்வு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் உலோகம் உடைவதில்லை. சுற்றியுள்ள கண்கள் நொறுங்கித்தான் பிடி விடுகிறது.

அதனால்தான் மூன்று திருகாணிகளைப் பெரும்பாலும் தலைகீழ் முக்கோணமாக வைக்கிறார்கள். அடியில் இருப்பது கழுத்தின் கெட்டியான கீழ்விளிம்பை ஒட்டிப் போகும், பாரத்தின் ஒரு பங்கை அந்த விளிம்பே ஏற்றுக்கொள்ளும். அப்புறம், எக்ஸ்ரேயில் மரை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். முழு மரையும் முறிவுக் கோட்டைத் தாண்டி, எலும்பின் தலைக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் முறுக்க முறுக்க இரண்டு துண்டும் நெருங்கும். மரை கோட்டின் குறுக்கே நின்றால், இருபுறமும் கவ்விக்கொண்டு இடைவெளியை அப்படியே நிறுத்திவிடும்.