ஆறாம் வகுப்பில் பள்ளியை மாற்றும் முன்: அரசு நடுநிலைப் பள்ளியை எடைபோடுவது எப்படி?

எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவரின் மகள் ஐந்தாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்தாள். "அங்கே ஒன்றும் சொல்லித் தருவதில்லை" என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு, அவர் கடன் வாங்கி அவளை ஆறாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்த்தார். ஓராண்டுதான் தாக்குப்பிடித்தது. ஏழாம் வகுப்புக்குப் பிள்ளை பழைய பள்ளிக்கே திரும்பினாள். பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தபோதுதான், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவளுக்கு இடமில்லை என்பது தெரிந்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகு வர வேண்டிய மாதம் 1,000 ரூபாயும் வரவில்லை. இரண்டுக்கும் காரணம் அந்த ஓராண்டு. அவருடன் நானும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று கையை விரித்தார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிய அன்று இப்படியொரு விதி வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்று வாங்குபவர்களுக்காவது அது தெரிய வேண்டும்.

அதனால் முதலில் இந்த நிபந்தனையைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இலும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஏழு வகுப்புகளில் ஒன்று குறைந்தாலும் கிடையாது. கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும், மாணவியருக்கான புதுமைப்பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றன.

இதில் பலரும் விழும் குழி, "அரசு உதவி பெறும் பள்ளி" என்ற பெயர். அதில் அரசு என்ற சொல் இருப்பதால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அது அரசுப் பள்ளி அல்ல. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகள் கணக்கில் சேரும். பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், நிர்வாகம் யாருடையது என்று தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிப் பிரிவுக்கு மாற்றுவதும் சிறிய முடிவு அல்ல. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்கான சான்று கேட்கிறார்கள். மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

ஆக, ஆறாம் வகுப்பில் பள்ளியை விட்டு விலகுவதற்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்கும் முன், பள்ளி உண்மையிலேயே மோசமானதா, மோசமென்றால் எதில் மோசம், அதைச் சரிசெய்ய வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் அதற்கான அளவுகோலை நம் கையில் கொடுத்திருக்கிறது. அதன் வரலாறு இங்கே தேவையில்லை.

பெற்றோர் பள்ளியை எடைபோடும்போது பெரும்பாலும் பிள்ளையின் மதிப்பெண் அட்டையைத்தான் பார்க்கிறார்கள். அதை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல கொள்கை. தோல்வி என்று முத்திரை குத்தப்பட்டு எத்தனையோ பிள்ளைகள் பள்ளியை விட்டு ஓடியதை அது தடுத்தது. ஆனால் "தேர்ச்சி" என்ற சொல்லுக்கு அங்கே "கற்றுக்கொண்டார்" என்ற பொருள் இல்லை. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து ஒரு பக்கத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுங்கள். மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்லுங்கள். கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை நாடு முழுவதும் அளக்கும் ஏசர் ஆய்வும் இந்த இரண்டைத்தான் சோதிக்கிறது. தடுமாறினால் பிள்ளையைத் திட்டாதீர்கள். நோட்டுகளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள்.

நோட்டுகள் பொய் சொல்லாது. கணக்கு நோட்டில் கடைசியாகத் தேதி போட்ட பக்கம் எது? அதற்கும் முந்தைய பாடத்துக்கும் இடையே எத்தனை நாள் இடைவெளி? தவறான விடைக்குப் பக்கத்தில் சரியான வழி எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது எல்லாப் பக்கத்திலும் ஒரே சிவப்புக் கோடுதானா? அறிவியல் நோட்டில் மூன்று வாரமாக ஒன்றும் இல்லையென்றால், மூன்று வாரமாக அறிவியல் ஆசிரியர் இல்லை என்று பொருள்.

இங்கேதான் அலைக்கழிப்பு தொடங்கும். "ஆசிரியர் இல்லையா?" என்று கேட்டால் "பணியிடம் நிரம்பியிருக்கிறது" என்பார்கள். பதிவேட்டின்படி அது உண்மையாகவே இருக்கலாம். அந்த ஆசிரியர் மாற்றுப்பணியில் வேறொரு பள்ளியிலோ அலுவலகத்திலோ இருப்பார். சம்பளம் இந்தப் பள்ளியின் பெயரில், பாடம் யாருக்கும் இல்லை. ஆகவே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். "ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் யார்? இந்த வாரம் எத்தனை நாள் எடுத்தார்?" என்று கேளுங்கள். ஆறு முதல் எட்டு வரை, அறிவியலுக்கும் கணக்குக்கும் ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று குறைந்தது மூன்று ஆசிரியர் வேண்டும் என்கிறது சட்டத்தின் அட்டவணை. 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கு அதற்கு மேல். பலரும் இந்த 35-ஐ மட்டும் சொல்லி வாயை அடைப்பார்கள். ஒன்று முதல் எட்டு வரை எல்லா ஆசிரியர்களையும் கூட்டி வகுத்துக் காட்டினால் எண்ணிக்கை அழகாக வரும். கணக்கு சொல்லித்தரத்தான் ஆள் இருக்காது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எந்தப் பள்ளியிலும் காலிப் பணியிடம் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கட்டாயக் கல்விச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. எட்டு ஆசிரியர் பணியிடம் உள்ள பள்ளியில் ஓர் இடம் காலியானாலே 12.5 சதவீதம். "ஒன்றுதானே காலி" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கட்டடத்தின் புதுப் பூச்சில் மயங்க வேண்டாம். கழிப்பறையைப் பாருங்கள், அதுவும் காலை பிரார்த்தனை நேரத்தில் பார்க்காமல் பதினொரு மணி இடைவேளையில் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் அது இருக்கும், பூட்டியும் இருக்கும். சாவி யாரிடம், தண்ணீர் வருகிறதா என்று ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இருவரிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று வருகைப் பதிவேட்டின் முன் நிறுத்தித் திட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளியின் பெண்கள் கழிப்பறையில் ஓராண்டாகத் தண்ணீர் இல்லை. அடிப்பது மட்டுமல்ல, இப்படி மனத்தைப் புண்படுத்துவதும் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டது.

ஒரு நடுநிலைப் பள்ளி தன் பிள்ளைகள்மேல் அக்கறை கொண்டிருக்கிறதா என்று அறிய என்னிடம் ஒரு கேள்வி உண்டு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதித் தேர்வை எத்தனை பேர் எழுதுகிறார்கள்? தேர்ச்சி பெற்றுத் தேர்வானவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத் தேதியையே பெற்றோரிடம் சொல்லாத பள்ளிகள் இருக்கின்றன. வருமானச் சான்றைக் கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது. ஏழாம் வகுப்பு முடியும்போதே அந்த வேலையைத் தொடங்குங்கள். தேர்வான பிறகு ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். முதல் ஆண்டுப் பணத்தோடு நின்றுபோன பிள்ளைகள் நிறையப் பேர்.

இனி, குறையைக் கண்ட பிறகு என்ன செய்வது. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவதும் செலவைக் கண்காணிப்பதும் அதன் வேலை. நடைமுறையில் என்ன நடக்கிறது? மாலையில் ஒரு பிள்ளை தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வரும், அம்மா கையெழுத்துப் போட்டு அனுப்புவார். நடக்காத கூட்டத்துக்கு அந்தக் கையெழுத்து சாட்சியாகிவிடும். பிறகு கழிப்பறைக்குப் போன பணத்தைப் பற்றி அதே அம்மா கேட்டால், "நீங்கள்தானே ஒப்புதல் கொடுத்தீர்கள்" என்பார்கள். எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிய பக்கத்திலும், வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

வாயால் சொன்ன புகாருக்கு நாள் கணக்கு கிடையாது. எழுதிக் கொடுங்கள். 32-ஆம் பிரிவின்படி எழுத்துப்பூர்வமான புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் செய்யலாம், முடிவில் நிறைவு இல்லாவிட்டால் அங்கேயே மேல்முறையீடு செய்யலாம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒரு பழைய தந்திரம் உண்டு: வட்டாரக் கல்வி அலுவலரிடம் போனால் "கட்டடம் ஒன்றிய அலுவலகத்தைச் சேர்ந்தது" என்பார், ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால் "பள்ளி கல்வித் துறையைச் சேர்ந்தது" என்பார்கள். இரண்டு கூலி நாளும் போய்விடும். ஒரே மனுவை இருவர் பெயரையும் முகவரியில் எழுதி, ஒரே நாளில், விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "பள்ளி சரியில்லை" என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும். "ஏழாம் வகுப்புக்கு இந்தத் தேதியிலிருந்து கணக்கு ஆசிரியர் இல்லை, 26-ஆம் பிரிவு மீறப்பட்டிருக்கிறது" என்று எழுதுங்கள். பல பெற்றோர் கையெழுத்திட்ட மனுவாக இருந்தால், உங்கள் பிள்ளை ஒருத்தியைத் தனியே குறிவைக்கவும் முடியாது.

கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும், முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் புகார் பதியலாம். ஆனால் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புகார் மேலிருந்து கீழே வந்து, யார்மீது புகாரோ அவர் மேசையிலேயே முடியும் வழக்கம் இருக்கிறது. "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வந்தால், என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில், எந்த ஆணை எண் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும், 30 நாளில் பதில் வர வேண்டும்.

தனியாரில் சேர்த்துவிட்டு, கட்டணம் கட்ட முடியாமல் திரும்ப நினைப்பவர்களுக்கு ஒரு சொல். கட்டண பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைத்திருந்தாலும் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி உங்கள் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும். சான்றிதழ் தாமதம் சேர்க்கை மறுக்கக் காரணம் ஆகாது என்று 5-ஆம் பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பவையும் செல்லாது. "சான்றிதழ் கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பினால், அதையே ஒரு தாளில் எழுதித் தரக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், சேர்த்துக்கொள்வார்கள். பெயர் பெற்ற சில அரசுப் பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைக்கின்றன, நன்கொடை கேட்கின்றன. இரண்டும் 13-ஆம் பிரிவின்படி குற்றம்.

எட்டாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் நாளில் மாற்றுச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளையும் இந்தப் பள்ளியில், எந்தப் பயிற்று மொழியில் படித்தார் என்று படிப்புச் சான்று ஒன்றும் கேட்டு வாங்குங்கள். நான்காண்டு கழித்துக் கலந்தாய்வுக்காகத் தேடிப் போகும்போது தலைமையாசிரியர் மாறியிருப்பார், பதிவேடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. சான்றில் பெயரும் முன்னெழுத்தும் பிறப்புச் சான்றில் உள்ளபடியே இருக்கின்றனவா, கல்வி ஆண்டுகள் விடுபடாமல் வரிசையாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிழை இருந்தால் அந்த மேசையிலேயே திருத்தி வாங்குங்கள்.