கேஷ், காலாவதி, கெடு: ஒரு பக்கம் எத்தனை நேரம் புதியது?

மொரிசியஸில் வளர்ந்தவர்களுக்குக் 'கேஷ்' என்ற சொல்லை விளக்க அதிக நேரம் ஆகாது. பிள்ளை பிஸ்கட்டைத் தலையணைக்கு அடியில் மறைத்து வைத்தால் எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் 'காசியெத்' என்போம், யாருக்கும் தெரியாமல் ஒன்றைச் செய்தால் 'ஆன் காசியெத்'. அந்தக் குடும்பத்துச் சொல்தான் கணினிக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சில் 'காஷே' என்றால் ஒளித்து வை. அதற்கும் பின்னால், ஒன்றாகச் சேர்த்து நெருக்கி அமுக்குவது என்ற பொருளில் ஒரு லத்தீன் சொல் இருக்கிறது. கனடாவில் தோல் வணிகத்துக்காகக் காடு சுற்றிய பிரெஞ்சுக்காரர்கள் உணவையும் தோலையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, திரும்பும் வழியில் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழிக்குக் காஷ் என்று பெயர். ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து அதை வாங்கிக்கொண்டார்கள்.

கணினிக்கு அந்தப் பெயர் வந்தது 1968-இல். 1965-இலேயே கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் இதே யோசனையை எழுதிவிட்டார், ஆனால் அவர் வைத்த பெயர் 'அடிமை நினைவகம்'. நல்லவேளை, அது நிலைக்கவில்லை. ஐபிஎம் நிறுவனம் தன் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் வேகமான சின்ன நினைவகம் ஒன்றை வைத்து, அதைப் பற்றிய கட்டுரையில் 'அதிவேக இடையகம்' என்று எழுத, இதழாசிரியர் லைல் ஜான்சன் இதைவிட நல்ல சொல் வேண்டும் என்று கேட்டு, அப்படித்தான் கேஷ் வந்தது. தூரத்தில் இருப்பதற்காகக் காத்திருக்காமல் பக்கத்தில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வது, அவ்வளவுதான் பொருள். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவியும் அதையே செய்கிறது. ஒரு பக்கத்தை ஒருமுறை வாங்கிவிட்டால் கைபேசியிலேயே ஒரு நகல் வைத்துக்கொள்கிறது.

தமிழில் என்ன சொல்வது? 'தற்காலிகச் சேமிப்பு' என்பதைக் கைபேசித் திரையில் பார்த்திருப்பீர்கள். தவறில்லை, ஆனால் சேமிப்பு என்றவுடன் வங்கிதான் ஞாபகம் வருகிறது. 'பதுக்கு நினைவகம்' வேருக்கு மிக நெருக்கம், ஒளித்து வைப்பதும் பதுக்குவதும் ஒன்றுதானே. ஆனால் பதுக்கல் என்றால் நம் காதில் அரிசி மூட்டையும் கள்ளச்சந்தையும்தான் விழும். நான் சொல்ல விரும்புவது 'கையிருப்பு'. மூலைக்கடைக்காரர் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும் தலைநகர் போர்ட் லூயிஸ் கிடங்குக்கு ஓடுவதில்லை, கையிருப்பில் இருப்பதை எடுத்துத் தருகிறார். சரி, ஆனால் கடையில் இருக்கும் ரொட்டி எந்த நாள் ரொட்டி? இந்தக் கேள்விக்காகத்தான் இரண்டாவது சொல் வருகிறது.

ஆங்கிலத்தில் 'எக்ஸ்பயர்'. லத்தீனில் மூச்சை வெளியே விடுவது, கடைசி மூச்சு. தமிழில் 'காலாவதி' என்று எழுதுகிறோம். இது காலம், அவதி இரண்டும் சேர்ந்த வடசொல், அவதி என்றால் இங்கே எல்லை. வேரில் நல்ல சொல்தான், ஆனால் மருந்துப் பெட்டியும் பால் பாக்கெட்டும் அதை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டன. காலாவதி ஆனது என்றால் குப்பைக்குப் போ என்றுதான் இன்று எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். இணையத்தில் நடப்பது அது இல்லை. நேரம் முடிந்த நகலை உலாவி தூக்கி எறியாது, 'என்னிடம் இருப்பது இன்னும் சரியா?' என்று வழங்கியை, அதாவது பக்கத்தை வைத்திருந்து அனுப்பும் கணினியைக் கேட்கும். மாறவில்லை என்றால் வழங்கி 304 என்று ஒரு சின்னப் பதில் அனுப்பும், பக்கத்தை மறுபடி அனுப்பாது, பழைய நகலே மறுபடி புதியதாகிவிடும். செத்தது எப்படி எழும்? ஆகவே நான் 'கெடு' என்கிறேன். கெடு வைப்பது, கெடு முடிவது, கெடுவை நீட்டுவது எல்லாம் நம் பேச்சிலேயே இருக்கிறது. கடனுக்குக் கெடு முடிந்தால் கடன் மறைந்துவிடுவதில்லை, போய்ப் பேச வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தச் சொல்லைத் தேட வைத்தது ஒரு காவடி.

எங்கள் கோயில் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தைப்பூசம் வருவது சரியாக இங்கே புயல் காலத்தில். ஒரு வருடம் முதல் நாள் முதல் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்தது, கமிட்டி கூடி, ஆற்றங்கரையிலிருந்து காவடி புறப்படும் நேரத்தை ஒன்பதிலிருந்து ஏழுக்கு மாற்றியது. மாலை நாலு மணிக்கு நான் பக்கத்தை மாற்றினேன், வழங்கியில் இருந்த நகலையும் அழித்தேன், என் கைபேசியில் ஏழு என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் அத்தை பால் சொம்போடு ஒன்பது மணிக்கு வந்து நிற்கிறார், ஆற்றங்கரையில் யாரும் இல்லை. "ஏன் தம்பி, ஆறு மணிக்குக்கூடப் பார்த்தேனே, ஒன்பதுன்னுதானே இருந்துச்சு?" என்று கைபேசியை நீட்டினார். உண்மைதான், ஒன்பது என்றே இருந்தது. முந்தைய நாள் மதியம் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார், நான் தளம் முழுவதற்கும் ஒரே கெடுவாக 86400 விநாடி, அதாவது ஒரு முழு நாள், வைத்திருந்தேன். மறுநாள் மதியம்வரை அவர் கைபேசி என்னைக் கேட்கவே தேவையில்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரையைக் கீழே இழுத்துப் புதுப்பித்திருந்தால் ஏழு வந்திருக்கும், ஆனால் அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? தப்பு என்னுடையது. கொடுத்துவிட்ட கெடுவைத் திரும்ப வாங்க முடியாது என்பதை அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன்.

கெடு வைக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு எச்டிடிபி என்று பெயர். 1996-இல் வந்த எச்டிடிபி 1.0-இல் 'எக்ஸ்பயர்ஸ்' என்ற தலைப்புவரி, அதாவது பக்கத்தோடு சேர்த்து வழங்கி அனுப்பும் ஒரு குறிப்பு, அதில் ஒரு நாளும் நேரமும் எழுத வேண்டும், அதுவும் கிரீன்விச் நேரத்தில். மொரிசியஸில் நாம் நாலு மணி நேரம் முன்னால் இருக்கிறோம், ஆகவே மாலை ஆறு என்று நம் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டால் இங்கே இரவு பத்துவரை பழைய பக்கமே நிற்கும். 1997-இல் எச்டிடிபி 1.1 'கேஷ்-கன்ட்ரோல்' கொண்டுவந்தது. அதில் 'மேக்ஸ்-ஏஜ்' என்று விநாடிக் கணக்கு, கடிகாரத் தொல்லை இல்லை. இரண்டும் இருந்தால் மேக்ஸ்-ஏஜ் சொன்னதே செல்லும். எதுவுமே எழுதாமல் விட்டால் கெடு இல்லை என்று நினைக்க வேண்டாம், உலாவி தானே ஊகிக்கும். கடைசியாகத் திருத்தியதிலிருந்து கடந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான ஊகம், இருபது நாள் தொடாத பக்கத்துக்கு இரண்டு நாள்.

மொழிபெயர்ப்பில் எல்லாரும் தடுக்கி விழும் இடம், அதே கேஷ்-கன்ட்ரோலில் எழுதும் 'நோ-கேஷ்'. கையிருப்பு வைக்காதே என்று எழுதுகிறார்கள், அது பிழை. வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்காமல் கொடுக்காதே என்பதுதான் அதன் பொருள். தமிழில் 'கேட்டுக் கொடு' என்றால் கச்சிதமாக இருக்கும். வைக்கவே கூடாது என்பதற்கு 'நோ-ஸ்டோர்' தனியாக இருக்கிறது, நன்கொடையாளர் விவரம் காட்டும் பக்கத்துக்கு அதுதான் வேண்டும்.

இப்போது எங்கள் தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் கெடு வேறு. வழங்கி அமைப்பில் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதினால் போதும். தல வரலாற்றுக்கு 604800, ஒரு வாரம், அதை மாற்றி எத்தனையோ வருடம் ஆகிறது. பூசை நேரத்துக்கு ஒரு மணி, 3600. புகைப்படங்களுக்கு ஒரு வருடம், ஏனென்றால் படம் மாறினால் கோப்பின் பெயரையே மாற்றிவிடுகிறேன். விழா அறிவிப்புப் பக்கத்துக்கு 300 விநாடி, கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே அதை 'கேட்டுக் கொடு' என்று மாற்றிவிடுவேன், காவடி முடிந்து பந்தல் பிரிக்கும்வரை அப்படியே இருக்கும். அத்தை இப்போதும் முதல் நாள் இரவே எனக்குப் போன் போட்டு நேரத்தை ஒருமுறை கேட்டுக்கொள்கிறார்.