ரெண்டு வாய் சோறு போட்டால் என்ன ஆகும்?

போன வாரம் மறுபடியும் அதே கதை. இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பையன், குரோன்ஸ் நோய், அதாவது குடலில் அழற்சி வந்து புண்ணாகும் நீண்டகால நோய். ஆறு வாரத்துக்குச் சத்துப்பால் மட்டும், அதாவது டின்னில் வரும் சத்துப் பவுடரைத் தண்ணீரில் கலக்கிய பால் மட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். பாதியில் வந்து பார்த்தால் வயிற்றுவலி அப்படியே இருக்கிறது, எடை ஏறவில்லை, மலப் பரிசோதனையில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் அளவு இறங்கவே இல்லை. “பால் வேலை செய்யல மிஸ், மாத்திரையே கொடுத்துடுங்க” என்றார் அம்மா. துருவிக் கேட்ட பிறகுதான் பாட்டி வாய் திறந்தார்: “மத்தியானம் மட்டும் ரெண்டு வாய் ரசஞ்சோறு. வளர்ற பிள்ளை, வெறும் பாலைக் குடிச்சிட்டு எப்படி இருப்பான்?”

பினாங்கில் உணவியல் நிபுணராக வேலை செய்யும் எனக்கு இந்த ரசஞ்சோறு பழைய எதிரி. சில வீடுகளில் அது ரொட்டி சானாய், சில வீடுகளில் மைலோவும் பிஸ்கட்டும்.

பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் குடும்பங்களில் சத்துப்பால் டின் என்றால் நோயாளியைப் பார்க்கப் போகும்போது கையில் எடுத்துப் போகும் பொருள். தாத்தாவுக்கு ராத்திரி ஒரு கப். சாப்பாட்டுக்கு மேல் கொஞ்சம் தெம்பு, அவ்வளவுதான். அதே டின்னை நாங்கள் குரோன்ஸுக்கு எழுதும்போது அது தெம்புக்கு இல்லை, அதுதான் சிகிச்சை. ஆறிலிருந்து எட்டு வாரம், தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. வழக்கமான சாப்பாட்டை நிறுத்துவது இந்தச் சிகிச்சையில் பாதி.

இது என் பிடிவாதம் இல்லை. 2006-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சத்துப்பால் மட்டும். இன்னொன்றுக்குப் பாதி பால், பாதி இஷ்டப்பட்ட சாப்பாடு. முதல் குழுவில் 42 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. இரண்டாவதில் 15 சதவீதம். பால் பாதியும் குறிப்பிட்ட உணவுகள் பாதியுமாக ஒரு முறை இப்போது இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் எதைச் சாப்பிடலாம், எவ்வளவு என்பதெல்லாம் அளந்து கட்டியது. பாட்டியின் ரசத்துக்கு அதில் இடமில்லை.

அளவிலும் ஏமாறுகிறார்கள். ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் பால் வேண்டும். 400 கிராம் டின் ஒன்று ஒரு நாளில் காலியாகிவிடும். செலவுதான், தெரியும். முடியாது என்றால் ஆரம்பிக்கும் முன்பே சொல்லுங்கள், மருத்துவமனைச் சமூகநலப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். டின்னை நீட்டிக்கத் தண்ணீரைக் கூட்டிக் கலக்காதீர்கள். மைலோ இதற்கு மாற்று இல்லவே இல்லை.

சரி, அந்த அம்மா கேட்ட மாத்திரை, அதாவது அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு? பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மலிவு, சீக்கிரம் வேலை செய்யும். பெரியவர்களில் பெரும்பாலும் அதைத்தான் டாக்டர்கள் முதலில் எழுதுகிறார்கள். வாரக்கணக்கில் பாலை மட்டும் குடித்துத் தாக்குப்பிடிக்கும் பெரியவர்கள் குறைவு. பிள்ளைகள் விஷயம் வேறு. பால் சிகிச்சை அவர்களுக்கு ஸ்டீராய்டுக்குச் சளைக்காமல் நோயை அடக்குகிறது. குடலின் உட்சுவர் அதில்தான் நன்றாக ஆறுகிறது. எலும்பும் உயரமும் அடிவாங்குவதில்லை, முகம் ஊதுவதில்லை. 2014-லும் 2020-லும் வந்த ஐரோப்பிய வழிகாட்டிகள் பிள்ளைகளுக்கு இதை முன்னால் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

அதற்காக ஸ்டீராய்டை விஷம் என்று நினைத்து ஓடவும் வேண்டாம். அப்படி ஓடிய ஒருவர் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஜாமு என்ற மூலிகை மருந்து கேப்சூலைக் காட்டி, “இது இயற்கை, மிஸ்” என்றார். சுகாதார அமைச்சு எச்சரித்த இப்படிப்பட்ட சரக்குகள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் கலந்திருந்தது. அதுவும் ஸ்டீராய்டுதான், அளவு தெரியாத ஸ்டீராய்டு.

டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்தால் சொன்ன கணக்கில் படிப்படியாகக் குறையுங்கள். வலி போய்விட்டதென்று திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. காசநோய்ப் பரிசோதனை எதற்கு என்று முணுமுணுக்காதீர்கள்: குடல் காசநோய் அச்சு அசலாகக் குரோன்ஸ் மாதிரியே இருக்கும், அதன் மேல் ஸ்டீராய்டு கொடுத்தால் நெருப்பில் எண்ணெய். அப்புறம், பாலோ மாத்திரையோ இரண்டும் நோயை அடக்க மட்டுமே. அடங்கியதை அப்படியே வைத்திருக்க அசதயோபிரின் மாதிரி வேறு மருந்து தொடரும். “இப்ப நல்லா இருக்கானே” என்று அதை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

“இது வெள்ளைக்காரன் வியாதி இல்லையா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் கணக்கெடுத்தபோது குரோன்ஸ் உள்ளிட்ட குடல் அழற்சி நோய்கள் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று இனங்களில் நம் இந்தியர்களிடம்தான் அதிகமாக இருந்தன.

பால் ஆரம்பிக்கும் வீடுகளுக்கு: ஃபிரிட்ஜில் வைத்து ஸ்ட்ரா போட்டுக் கொடுங்கள், சுலபமாக இறங்கும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பள்ளி ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள், கேன்டீன் பக்கம் நண்பர்கள் இழுப்பார்கள். தீபாவளி, வீட்டுக் கல்யாணம் ஏதாவது வருகிறதென்றால் முன்கூட்டியே பேசுங்கள். நோயின் நிலை இடம் கொடுத்தால் தொடங்கும் தேதியைத் தள்ளலாம். பிள்ளையால் குடிக்கவே முடியவில்லை என்றால் தயவுசெய்து ஒளித்துச் சோறு போடாதீர்கள், அன்றைக்கே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். சுவையை மாற்றிப் பார்க்கலாம், மூக்கு வழியாக மெல்லிய குழாய் போடலாம், அதுவும் ஒத்துவராவிட்டால் டாக்டர் ஸ்டீராய்டுக்கு மாற்றுவார். யாரும் திட்ட மாட்டோம்.