பர்மா பஜார் கேசட்டும் செல்போன் எமுலேட்டரும்

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு மஞ்சள் வீடியோ கேம் கேசட் கிடைத்தது. மேலே ‘9999 இன் 1’ என்று ஸ்டிக்கர். தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கியது. படம் வரவில்லை என்றால் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி சொருகுவோமே, அந்த ரகம். 9999 என்பது சுத்தப் புளுகு. உள்ளே இருப்பது ஒரு கைப்பிடி ஆட்டங்கள்தான், அதே ஆட்டத்தை வேறு வேறு லெவலில் தொடங்கவைத்து ஆளுக்கொரு நம்பர் கொடுத்திருப்பார்கள்.

கேசட் இருக்கிறது, அதைச் சொருகி டிவியில் விளையாடும் பெட்டி எப்போதோ செத்துவிட்டது. அதனால் அக்கா மகனுக்குச் செல்போனில் எமுலேட்டர் போட்டு மாரியோ காட்டினேன். “மாமா, இது திருட்டு இல்லையா?” என்றான். சரியான கேள்வி. பதில் சொல்ல, எமுலேட்டர் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நாம் விளையாடியது நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் விட்ட பெட்டியின் நகல். அதன் மூளை நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் முறை துடிக்கும், நினைவகம் வெறும் 2 கேபி. எமுலேட்டர் என்பது அந்த மூளையாக நடிக்கும் ஒரு நிரல்: கேசட்டிலிருந்து ஒரு கட்டளையைப் படி, அதற்கு என்ன அர்த்தமோ அதைச் செய், அடுத்ததைப் படி. அவ்வளவுதான் என்று தோன்றும், ஆனால் நடிப்பில் நேரம் தப்பினால் கதை கந்தல். மாரியோவில் மேலே ஸ்கோர் வரி அசையாமல் நிற்க, கீழே உலகம் மட்டும் நகரும், இல்லையா? அந்தப் பெட்டிக்குப் பின்னணியை இரண்டாகப் பிரித்து நகர்த்தத் தெரியாது. எனவே ஸ்கோர் வரியில் உள்ள குட்டிக் காசுப் படத்தின் அடியில் ஒரு துணுக்குப் படத்தை ஒளித்துவைத்தார்கள். டிவி அந்த இடத்தை வரைந்து முடித்ததும், பெட்டிக்குள் படம் வரையும் படச் சிப் ஒரு கொடியைத் தூக்கும், அதுவரை ஆட்டம் காத்திருந்து அந்தக் கணத்தில் நகர்வைத் தொடங்கும். எமுலேட்டர் அந்தக் கொடியைத் தூக்க மறந்தால் மாரியோ அப்படியே உறைந்துபோவார். மூளையின் ஒரு துடிப்புக்குப் படச் சிப் மூன்று புள்ளி நகரும் என்பதுவரை கணக்குப் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் சம்பளமில்லாமல்.

ஆக, எமுலேட்டர் ஒரு கருவி. அதில் நின்டெண்டோ எழுதிய ஒரு வரிகூட இருக்க வேண்டியதில்லை. சோனி இதை எதிர்த்து, தன் பிளேஸ்டேஷன் பெட்டிக்கு எமுலேட்டர் எழுதி விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. அப்புறம் சோனியே அந்த எமுலேட்டரை விலைக்கு வாங்கி மூட்டை கட்டியது வேறு கதை. அதைவிட வேடிக்கை, 2018-இல் சோனி விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் பெட்டிக்குள் ஓடியது ரசிகர்கள் எழுதிய ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டர். புது ஆட்டங்கள் விஷயம் வேறு, அவற்றுக்கு நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு உண்டு. பூட்டை உடைக்க வழிசெய்தது என்பதே தன் ஸ்விட்ச் பெட்டிக்கான எமுலேட்டரான யூசு மீது நின்டெண்டோ சொன்ன குற்றச்சாட்டு. தீர்ப்பு வருமுன்பே 2024-இல் 24 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு யூசு கடையை மூடியது.

வில்லங்கம் கருவியில் இல்லை, ரோமில். அதாவது கேசட்டுக்குள் இருக்கும் ஆட்டத்தின் நகலில். நம் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே வைத்திருக்கிறது. கவிதைக்கும் நாங்கள் விளையாடிய கான்ட்ரா ஆட்டத்துக்கும் ஒரே கணக்கு, எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை. பிரிவு 52 ஒரு சலுகை தருகிறது: நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது கெட்டுப்போனால் உதவும் என்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். “என்னிடம்தான் கேசட் இருக்கே” என்று நான் வாய் திறப்பதற்குள் இடிக்கிறது. பர்மா பஜார் கேசட் எப்போது சட்டப்படியானது? பழைய பெட்டிக்கான பேடன்ட் காலாவதியாகியிருக்கலாம், உள்ளே இருந்த ஆட்டங்களுக்கு யாரும் உரிமம் வாங்கவே இல்லை. அமெரிக்காக்காரன் சொல்லும் ‘நான் காசு கொடுத்து வாங்கியதன் நகல்’ என்ற வாதம் நம் தலைமுறையில் பாதிப்பேருக்குச் செல்லாது. நாங்களும் காசு கொடுத்தோம், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

சரி, இன்று கொடுக்கலாம் என்றால் விற்கிறார்களா? கான்ட்ராவை அதை உருவாக்கிய கொனாமி நிறுவனம் 2019-இல் ஒரு தொகுப்பாக மறுபடி விட்டது, கணினிக்கும் உண்டு. ஆனால் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்கிறது. வாங்க ஆளிருந்தும் விற்க ஆளில்லாத ஆட்டத்தைத் தரவிறக்குவதை என்னால் திருட்டு என்று சொல்ல முடியவில்லை, சட்டப்படி சரி என்றும் சொல்ல முடியவில்லை. அந்த ரோமை அடுக்கிவைத்து நாலு பக்கமும் விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பவருக்கு மட்டும் என்னிடம் அனுதாபம் கிடையாது, அவர் பர்மா பஜார் அண்ணாச்சியின் வாரிசு.

அக்கா மகனிடம் கான்ட்ராவுக்குக் காசு கட்டியதைக் காட்டினேன். “அப்போ அந்த மஞ்சள் கேசட்டுக்கு?” என்றான்.