‘இது நம்ம கதையாச்சே’ என்று ஏன் தோன்றுகிறது?

2017 ஜனவரி 22. டொனால்ட் ட்ரம்ப் அமெரிக்க அதிபராகப் பதவியேற்று இரண்டு நாள். விழாவுக்கு வந்த கூட்டம் பற்றி வெள்ளை மாளிகை சொன்ன தவறான கணக்கைக் குறித்துத் தொலைக்காட்சியில் கேட்டபோது, அதிபரின் ஆலோசகர் கெல்லியான் கான்வே அவற்றை ‘மாற்று உண்மைகள்’ என்றார். சில நாட்களுக்குள் ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949-ல் வெளியான ‘1984’ நாவல் அமேசான் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டது. பொய்யை உண்மையாக்கி, மக்களை எந்நேரமும் கண்காணிக்கும் ஒரு சர்வாதிகார அரசைப் பற்றிய கதை அது.

2013 ஜூனிலும் அதன் விற்பனை இப்படித்தான் எகிறியது. அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை எட்வர்ட் ஸ்னோடன் அப்போதுதான் அம்பலப்படுத்தியிருந்தார். அன்று ஆட்சியில் இருந்தவர் ஒபாமா. இரண்டு தடவையும் எதிரெதிர்க் கட்சிகளின் ஆட்சி. நாவலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் வாசகர்கள் இரண்டு தடவையும் ‘இது இப்போது நடப்பதுதான்’ என்றார்கள். டிஸ்டோபியா எனப்படும் இருண்ட அரசியல் கற்பனைகளைப் படிக்கும்போது நம் மூளை என்ன செய்கிறது என்பதற்கான நல்ல தடயம் இதில் இருக்கிறது.

1980-ல் மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். முதலில் ஒரு கதை. கோட்டைக்குள் ஒரு சர்வாதிகாரி. அதைப் பிடிக்க வரும் தளபதி, பெரும்படை கடந்தால் வெடிக்கும் கண்ணிவெடி எல்லாப் பாதைகளிலும் இருப்பதால், படையைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பல பாதைகளில் ஒரே நேரத்தில் கோட்டைக்கு அனுப்புகிறார். அடுத்து ஒரு மருத்துவப் புதிர். வயிற்றில் கட்டி. அதை அழிக்கும் வலுவுள்ள கதிர் வழியில் உள்ள நல்ல திசுவையும் அழித்துவிடும். என்ன செய்யலாம்? விடை அந்தக் கதையிலேயே இருக்கிறது: பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைச் செலுத்தி, கட்டியில் ஒன்றுசேர விட வேண்டும். கதையைச் சற்றுமுன்தான் படித்திருந்தும் பலருக்கு இது தட்டுப்படவில்லை. ‘அந்தக் கதை உதவலாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னதும் பெரும்பாலோர் விடையைப் பிடித்துவிட்டார்கள்.

படித்த கதை தானாக விழித்துக்கொள்வது அரிது. யாராவது தட்டி எழுப்ப வேண்டும். ‘மாற்று உண்மைகள்’ என்ற சொற்றொடர் செய்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். பல வருடங்களுக்கு முன் படித்து மறந்துபோன ஒரு புத்தகத்தைப் பல்லாயிரம் மனங்களில் அது ஒரே நேரத்தில் எழுப்பியது.

எழுந்த கதை நிஜத்தோடு எப்படிப் பொருந்துகிறது? உளவியலாளர் டெட்ரே ஜென்ட்னர் 1983-ல் இதை விளக்கினார். ஒப்புமை காணும்போது மனம் பொருள்களைப் பொருத்துவதில்லை, பொருள்களுக்கு இடையிலான உறவைப் பொருத்துகிறது. ஆர்வெல்லின் நாவலில் சுவரில் பதித்த திரை மனிதர்களைப் பார்க்கிறது. நம் கையில் இருப்பது போன். வடிவத்தில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ‘நான் பார்க்கும் பொருள் என்னைப் பார்க்கிறது’ என்ற உறவு ஒன்றே. எலும்புக்கூடு மட்டும் பொருந்தினால் போதும், சதையை வாசகர் தன் ஊர் அரசியலிலிருந்து போட்டுக்கொள்வார். எதிரெதிர் அணியினர் ஒரே நாவலைக் காட்டி ஒருவரையொருவர் குற்றம் சாட்டுவதும் இதனால்தான். அவர்களில் யாரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. இருவருக்கும் அது உண்மையாகவே பொருந்துகிறது.

இந்தப் பொருத்தத்தில் எழுத்தாளரின் பங்கும் உண்டு. ஆர்வெல்லின் நாவலில், ஆட்சி சொன்னால் நம்பியே ஆக வேண்டிய கணக்காக வரும் ‘இரண்டும் இரண்டும் ஐந்து’ பலருக்கும் தெரியும். ஐந்தாண்டுத் திட்டத்தை நான்கே ஆண்டுகளில் முடிப்போம் என்பதற்காக 1931-ல் சோவியத் ஒன்றியத்தில் அதே கணக்கைப் போஸ்டராகவே அச்சிட்டிருந்தார்கள். பெண்களைப் பிள்ளை பெறும் அடிமைகளாக்கும் ஒரு மதவாத ஆட்சியைப் பற்றி 1985-ல் வெளியான ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலுக்காக மார்கரெட் அட்வுட் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார்: வரலாற்றில் எங்காவது மனிதர்கள் ஏற்கெனவே செய்யாத எதையும் கதையில் சேர்க்கக் கூடாது. இந்த எழுத்தாளர்களைத் தீர்க்கதரிசிகள் என்று புகழும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல். அவர்கள் வருங்காலத்தைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டால், அவர்கள் எழுதியதெல்லாம் யாரோ சிலருக்கு உண்மையில் நடந்தது என்பது மறைந்துபோகிறது.

‘இப்படி நடக்கும்’ என்ற அச்சத்துக்கு வருவோம். இங்கே மூளை நம்மை ஏமாற்றவும் செய்கிறது. 1982-ல் இஸ்தான்புல்லில் நடந்த ஒரு மாநாட்டில், எதிர்காலத்தைக் கணிப்பதையே தொழிலாகக் கொண்ட 115 பேரிடம் உளவியலாளர்கள் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு குழுவுக்கு: 1983-ல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தூதரக உறவை முற்றாகத் துண்டிக்க எவ்வளவு வாய்ப்பு? இன்னொரு குழுவுக்கு: ரஷ்யா போலந்து மீது படையெடுத்து, அதோடு அந்த உறவும் துண்டிக்கப்பட எவ்வளவு வாய்ப்பு? இரண்டு சம்பவங்கள் சேர்ந்து நடப்பதன் வாய்ப்பு, அவற்றில் ஒன்று மட்டும் நடப்பதன் வாய்ப்பைவிட ஒருபோதும் கூடுதலாக இருக்க முடியாது. ஆனால் நிபுணர்கள் சராசரியாக இரண்டாவதற்கு மூன்று மடங்குக்கும் மேல் வாய்ப்புக் கொடுத்தார்கள். படையெடுப்பு என்ற காரணம் சேர்ந்ததும் வெறும் சம்பவம் கதையாகிவிட்டது. கதையை மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது எளிது. அந்த எளிமையை மனம் ‘நடக்க வாய்ப்பு அதிகம்’ என்று படித்துக்கொள்கிறது. நல்ல நாவல் முந்நூறு பக்கத்துக்கு இதையே செய்கிறது. ஒரு சட்டம், அதற்குப் பணியும் ஒரு அண்டை வீட்டுக்காரர், அதனால் காணாமல் போகும் ஒரு தோழி என்று விவரம் கூடக் கூட, முழுச் சங்கிலியும் நடப்பதற்கான வாய்ப்பு கணக்குப்படி குறைகிறது, நம் நெஞ்சில் கூடுகிறது.

அப்படியானால் கதை நிஜத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நம்புவோமா? அதுவும் இல்லை. 1997-ல் டெபோரா ப்ரென்டிஸும் சக ஆய்வாளர்களும் யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கதைகள் கொடுத்தார்கள். பாத்திரங்களின் பேச்சில் உண்மைக்குப் புறம்பான கூற்றுகளை நுழைத்திருந்தார்கள். கதை வேற்றுப் பல்கலைக்கழகத்தில் நடந்தால் மாணவர்கள் அவற்றை ஓரளவு நம்பிவிட்டார்கள். தங்கள் வளாகத்திலேயே நடந்தால் உஷாராகிவிட்டார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்தபோது, புனைவு நம்பிக்கையை மாற்றுகிறது என்பது உறுதியானது. ஆனால் சொந்த இடம், வேற்றிடம் என்ற வேறுபாடு அவ்வளவு தெளிவாக வரவில்லை. முடிந்துபோன விவாதம் அல்ல இது. ஆனாலும் என் வாசிப்பில் நான் உணர்ந்திருப்பதோடு இது ஒத்துப்போகிறது. எனக்குத் தெரிந்த அரசியலை அப்படியே பெயர் மாற்றி எழுதிய நாவலைப் படிக்கையில் ‘இந்தத் துறை இப்படி இயங்காதே’ என்று பிழை தேடத் தொடங்கிவிடுகிறேன். பெயரே இல்லாத ஒரு நாட்டில் நடக்கும் கதை அந்தக் காவலைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது.

உள்ளே வந்தது என்ன செய்யும்? கால்வர்ட் ஜோன்ஸ், சீலியா பாரிஸ் ஆகிய இரு அரசியல் அறிஞர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கொடுங்கோல் ஆட்சியை ஓர் இளம்பெண் எதிர்க்கும் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ போன்ற கதைகளின் பகுதிகளைச் சிலருக்குக் காட்டினார்கள். அநீதியான ஆட்சிக்கு எதிராக வன்முறைப் போராட்டமும் ஆயுதக் கிளர்ச்சியும் நியாயமாக இருக்கலாம் என்று சொல்லும் வாய்ப்பு அவர்களிடம் சுமார் 8 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்தது. இதற்குத் திரையில் வந்த சண்டை காரணமா என்று பார்க்க, வேறு குழுவுக்கு வெறும் அதிரடிப் படத்தைக் காட்டினார்கள். அதில் அந்த விளைவு இல்லை. இன்னொரு குழு பார்த்தது நிஜப் போராட்டம் பற்றிய செய்திப்படம். அதைவிடக் கற்பனைக் கதையே அதிகம் அசைத்தது. இவ்வகைக் கதைகளை நான் விரும்பிப் படிப்பவன். ஆனாலும் இந்த முடிவு எனக்குக் கவலை தருகிறது. கதையில் யார் கொடியவன் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தத் தெளிவு அப்படியே நிஜத்துக்கும் இடம்பெயர்ந்துவிடுகிறது.

2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ‘தி ஹங்கர் கேம்ஸ்’ கதையில் வரும் மூன்று விரல் வணக்கத்தை மக்கள் தெருவில் உயர்த்தினார்கள். ராணுவம் அதற்குத் தடை போட்டது. சிலர் பாங்காக்கில் பொது இடங்களில் அமர்ந்து ‘1984’ நாவலைச் சத்தமில்லாமல் படித்தார்கள். கோஷமில்லை, பதாகையில்லை. அட்டை வெளியே தெரியும்படி பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான். கடந்துபோகிறவர்களுக்கு அந்த அட்டையே குறிப்பு. மீதிப் பொருத்தம் அவரவர் தலைக்குள் நடந்திருக்கும்.