ஃபாரெஸ்டரா, சிஆர்-வியா? முதலில் டயரைப் பாருங்கள்

மறுபடியும் ஒரு வண்டி என் பட்டறைக்கு அடிபட்டு வந்திருக்கிறது. மழையில், இறக்கத்தில் பிரேக் பிடித்தும் நிற்காமல் வழுக்கிப்போய், முன்னால் நின்ற லாரியில் இடித்த ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஓட்டிவந்தவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: “நாலு வீலும் இழுக்கிற வண்டிங்க, இது எப்படி வழுக்கும்?” டயரை விரலால் தடவிப் பார்த்தேன். பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கிற மேல்வெட்டு, பேருக்குத்தான் இருந்தது.

பட்டறையில் இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சுபாரு ஃபாரெஸ்டர் வாங்கலாமா, ஹோண்டா சிஆர்-வி வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களும் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். “எதோட ஆல் வீல் டிரைவ் பாதுகாப்பு?” என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியே தப்பு.

ஆல் வீல் டிரைவ் செய்வது ஒரே வேலை. எஞ்சினின் இழுவையை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும். சேற்றிலிருந்து வெளியே வர, ஈரமான ஏற்றத்தில் கிளம்ப, பனியில் நகர, அது அருமையான உதவி. பிரேக் மிதிக்கும்போது அதற்கு எந்த வேலையும் இல்லை. கார் எதுவானாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. டூ வீல் டிரைவ் காரிலும் அப்படித்தான். நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கிற பிடிமானம். அந்தப் பிடிமானத்தை எஞ்சினோ கியர்பாக்ஸோ கூட்ட முடியாது. ஒரே மாடல், ஒரே டயர் என்றால் ஆல் வீல் டிரைவ் வண்டி கிட்டத்தட்ட அதே தூரத்தில்தான் நிற்கும். அதில் கூடுதலாக எடை வேறு இருக்கிறது. வேகமாக வளைவில் திரும்பும்போதும் இதே கதைதான். சாலையில் தேங்கிய தண்ணீர்மேல் டயர் மிதக்கத் தொடங்கிவிட்டால், நான்கு சக்கரத்துக்கும் இழுவை போனாலும் பிடிக்க ஒன்றுமில்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்சக்கரம் மட்டும் இழுக்கிற கார் ஈரத்தில் கிளம்பும்போது சக்கரம் சுழன்று, சாலை வழுக்குகிறது என்று சொல்லிவிடும். ஆல் வீல் டிரைவில் அந்த எச்சரிக்கையே வராது. வண்டி சுகமாகக் கிளம்பும், நீங்களும் மிதிப்பீர்கள். வழுக்கல் முதல்முறையாகத் தெரிவது பிரேக்கில் கால் வைக்கும்போதுதான்.

சரி, இரண்டு வண்டிக்கும் வருவோம். ஃபாரெஸ்டரில் முன்னும் பின்னும் எப்போதும் இணைந்தே இருக்கும். சக்கரம் சுழலும்வரை காத்திருக்காமல் நான்குக்கும் இழுவை போய்க்கொண்டிருக்கும். எக்ஸ்-மோட் சுவிட்சும் சேர்ந்தால் கரடுமுரடான ஏற்ற இறக்கத்தில் மெதுவாகப் போக நல்ல துணை. அது குறைந்த வேகத்துக்கானது. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் தானே விலகிக்கொள்ளும், அதை நம்பி நெடுஞ்சாலையில் விரட்டாதீர்கள். சிஆர்-வி பெரும்பாலும் முன்சக்கரத்தில் ஓடி, தேவைப்படும்போது பின்சக்கரத்தைக் கூப்பிட்டுக்கொள்ளும். தார்ச்சாலையே கதி என்று இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மண் பாதை, செங்குத்தான ஏற்றம், பனி ஆகியவை வாரம் தவறாமல் உண்டென்றால் நான் ஃபாரெஸ்டரைச் சொல்வேன். மற்றவர்களுக்கு சிஆர்-வி போதும். டூ வீல் டிரைவ் சிஆர்-வி கிடைக்கிற இடத்தில் அதுவே போதும் என்றும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மிச்சப்படும் காசில் நல்ல டயர் வாங்குங்கள்.

பட்டறைப் பக்கத்திலிருந்து இன்னொன்று. சுபாருவின் பாக்ஸர் எஞ்சின் படுத்தவாக்கில் இருப்பது. அதில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது சிஆர்-வியைவிடக் கை வலிக்கிற வேலை, கூலியும் அதற்கேற்ப வரும். பழைய ஃபாரெஸ்டர் பார்க்கிறீர்கள் என்றால், டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற பெல்ட்) உள்ள எஞ்சினா, எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு பில்லையும் பாருங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினே பிரிக்க வேண்டிவரும்.

இரண்டில் எதை வாங்கினாலும் பின்னால் வரப்போகிற சண்டை டயரில்தான். முன்டயர் தேய்ந்தது, அதனால் இரண்டை மட்டும் மாற்றினேன் என்பார்கள். புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். பின்னால் இருப்பது 3 என்று வையுங்கள். 5 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சுற்றளவில் அது 3 சென்டிமீட்டருக்கு மேல். கிலோமீட்டருக்குச் சுமார் 460 சுற்று என்றால், பின்சக்கரம் ஏறக்குறைய 14 மீட்டர் கூடுதலாகச் சுழன்று ஈடுகட்ட வேண்டும். அந்த வித்தியாசம் முழுவதையும் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கிற கிளட்ச் தட்டுகள் உரசி உரசித் தாங்குகின்றன, நேர்சாலையில்கூட. சுபாரு அனுமதிப்பது சுற்றளவில் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சம். அப்புறம் கிளட்ச் கருகி வண்டி வந்தால், கம்பெனி வண்டி சரியில்லை என்று திட்டுகிறார்கள்!

நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு. மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். சர்வீஸ் புத்தகம் சொல்கிற இடைவெளியில் முன்பின் மாற்றிப் போட்டால் ஒரே சீராகத் தேயும், இந்தச் செலவே தள்ளிப்போகும். காற்றும் நான்கிலும் புத்தகத்தில் உள்ளபடி இருக்கட்டும். பட்டன் 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிடுங்கள், தயவுசெய்து. பல நாடுகளில் சட்டம் 1.6 வரை விடுகிறது. மழைக்கு அந்த விதி தெரியாது. குளிர்காலத்தில் வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊரென்றால், சாதாரண ரப்பர் இறுகிவிடும். அங்கே பனிக்கால டயர் போட்ட டூ வீல் டிரைவ், கோடைக்கால டயர் போட்ட ஆல் வீல் டிரைவைவிட நன்றாக நிற்கும்.

வண்டி வழியில் நின்றுவிட்டால், இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்துப்போக விடாதீர்கள். முழு வண்டியையும் மேலே ஏற்றுகிற லாரியைக் கூப்பிடுங்கள். சிஆர்-வியின் பின் டிஃபரென்ஷியலுக்கு, அதாவது பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கிற பல்சக்கரப் பெட்டிக்கு, அதற்கென்றே தனி ஆயில் உண்டு. கையில் இருப்பதை ஊற்றுகிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. காய்ந்த, காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடை வேகத்தில் இரண்டு வட்டம் போடுங்கள், பாட்டை அணைத்துவிட்டு. பின்பக்கம் முனகினால், உதறினால், பிரேக் பிடித்தமாதிரி இழுத்தால், ஆயில் மாற்றிச் சரியாகிறதா என்று விற்பவரே பார்த்துக் காட்டட்டும். பழைய சிஆர்-விகளில் பின் டிஃபரென்ஷியல் ஆயிலை மாற்றினாலே முனகல் பல நேரம் போய்விடும். ஆயில் மாற்றியும் உதறினால் பிரச்சினை கிளட்சில் இருக்கலாம். விலை குறைக்கிறேன் என்றாலும் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.