பெயரை மாற்றினால் பிளான் திறக்காது

போன வாரம் பட்டர்வொர்த் பக்கமிருந்து ஒரு கோயில் திருப்பணிக் குழுச் செயலாளர் வந்திருந்தார். பென்டிரைவை மேசையில் வைத்து, "தம்பி, கோயில் பிளான் இதுலதான் இருக்கு. திறக்க மாட்டேங்குது. பி.டி.எஃப்.பா மாத்தியும் பாத்துட்டோம்" என்றார். மாற்றியும் பார்த்துவிட்டோம் என்று காதில் விழுந்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு மாதத்தில் இது நான்காவது.

உள்ளே ஒரே ஒரு கோப்பு. அவருடைய அக்கா மகன் அதன் பெயரின் கடைசியில் இருந்த டிடபிள்யூஜி (கணினியில் வரைந்த பிளானின் கோப்பு வகை) என்ற மூன்றெழுத்தை அழித்துவிட்டு, பிடிஎஃப் என்று தட்டியிருக்கிறார். அதுதான் அந்த 'மாற்றம்'.

எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெறும் பெயர்ச்சீட்டு. வீட்டில் அம்மா மைலோ டின்னில் மிளகாய்த் தூள் போட்டு வைத்திருப்பார். டின்னை நம்பிப் பாலில் கலக்கினால் மைலோ ஆகிவிடுமா? எந்த மென்பொருளால் திறப்பது என்று விண்டோஸுக்குச் சொல்வதற்குத்தான் அந்த மூன்றெழுத்து. அதை மாற்றினால் உள்ளே இருக்கும் ஒரு கோடுகூட அசையாது. "ஆனா போன தடவை பேர மாத்தினதும் திறந்துச்சே?" என்று சிலர் மடக்குவார்கள். திறந்திருக்கும். அது பி.ஏ.கே. கோப்பு. பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் சேமிக்கும்போது முந்தைய நிலையை அந்தப் பெயரில் ஒதுக்கி வைக்கும். உள்ளே இருப்பது முதலிலிருந்தே டிடபிள்யூஜிதான், சீட்டு மட்டும் வேறு. அங்கே பெயரை மாற்றினால் திறப்பதற்குக் காரணமே அதுதான்.

சரி, பெயர் மாற்றியதோடு நின்றிருந்தால் பழைய பெயரை வைத்து நானே திறந்திருப்பேன். பையன் நிற்கவில்லை. நோட்பேடில் திறந்திருக்கிறார், குப்பையாகத் தெரிந்திருக்கிறது, மூடும்போது 'சேமிக்கவா?' என்ற கேள்விக்கு ஆமாம் போட்டிருக்கிறார். கதை முடிந்தது. அது எழுத்துக் கோப்பு அல்ல. நோட்பேட் அதைத் தன் வழியில் எழுதிச் சேமித்தால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நோட்பேடால் ஒரு நல்ல உபயோகமும் உண்டு. கோப்பின் நகலை (நகலை!) அதில் திறந்து முதல் ஆறு எழுத்துகளைப் பாருங்கள், சேமிக்காமல் மூடுங்கள். எந்த ஆட்டோகேட் பதிப்பில் சேமித்தது என்று அது சொல்லும். ஏசி1009 என்றால் ஆர்11 அல்லது ஆர்12. ஏசி1014 என்றால் 1997இல் வந்த ஆர்14. ஏசி1015 என்றால் 2000 முதல் 2002 வரை. ஏசி1032 என்றால் 2018 அல்லது அதற்குப் பிந்தையது. இதைப் போனில் சொல்லிவிட்டால் எனக்குப் பாதி வேலை மிச்சம். ஆர்14 கோப்பை இன்றைய ஆட்டோகேட் நேரடியாகத் திறக்கும். ஆட்டோகேட் இல்லையா, அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கே இலவசமாகத் தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூ போதும். பழசு என்பதால் திறக்காது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. என்னிடம் வருபவற்றில் முக்கால்வாசி, யாராவது கை வைத்ததால் கெட்டவை.

திறந்ததோடு வேலை முடிவதில்லை. பாயான் லெப்பாஸ் குத்தகையாளர் ஒருவர், இணையத்தில் கிடைத்த ஏதோ இலவச மாற்றியில் போட்டு எடுத்த பிளானோடு வந்தார். பார்க்க அச்சு அசல். தூணுக்குத் தூண் 3000 என்று எழுதியும் இருந்தது. நான் கோட்டை அளந்தேன், 118.11 காட்டியது. 3000ஐ 25.4ஆல் வகுத்துப் பாருங்கள். மாற்றும்போது எங்கேயோ மில்லிமீட்டர் அங்குலமாகியிருக்கிறது. கோட்டோடு சேர்ந்து அளவைக் காட்டும் அளவுக்கோடு உடைந்து வெறும் எழுத்தாகிவிட்டதால் 3000 என்ற எண் மட்டும் அப்படியே நின்றது. எண்ணை நம்பாதீர்கள், கோட்டை அளந்து பாருங்கள். உங்களுக்கு அளவு தெரிந்த ஒரு வாசல் போதும்.

அடுத்தது எழுத்துரு. நம் கோயில் பிளான்களில் இது பெரிய தலைவலி. 'மூலஸ்தானம்' இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். கோப்பு கெடவில்லை, பதறாதீர்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் முரசு அஞ்சல் போன்ற தமிழ் மென்பொருள்களில் அடித்த தமிழ் அது. எழுத்துருவை வரைபடம் தன்னோடு தூக்கிக்கொண்டு வராது, கணினியில் தேடும். அதே எழுத்துருவைப் போட்டால் மூலஸ்தானம் திரும்பி வந்துவிடும். பிளானோடு இணைத்த வேறு வரைபடக் கோப்புகளும் அப்படித்தான், இணைத்த படங்களும் அப்படித்தான். அதனால் ஒற்றைக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வராமல் ஃபோல்டரோடு கொண்டு வாருங்கள்.

செயலாளரிடம், "அண்ணே, முதலில் குடுத்த சி.டி. எங்கே?" என்றேன். பழைய தலைவர் வீட்டுக்குப் போன் போட்டார். சாமி அறை அலமாரியில், பத்துப் பதினைந்து பஞ்சாங்கங்களுக்கு அடியில் கிடைத்தது. ஓரத்தில் பூஞ்சை, நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும். ஆனாலும் படித்தது. ஏசி1014. இரண்டே நிமிடத்தில் கோபுரம் திரையில் வந்துவிட்டது, கலசம் உட்பட.

ஆகவே, முதலில் நகல் எடுங்கள். ஃப்ளாப்பியாக இருந்தால் மூலையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வையுங்கள், பிறகு யாரும் அதில் எழுத முடியாது. மாற்றிய கோப்புக்கு வேறு பெயர் வையுங்கள், மூலத்தின் மேல் சேமிக்காதீர்கள். டிடபிள்யூஜியோடு ஒரு டிஎக்ஸ்எஃப் (மற்ற வரைபட மென்பொருள்களும் படிக்கும் வகை), ஒரு பிடிஎஃப் சேர்த்து வையுங்கள். பிடிஎஃப் மட்டும் போதும் என்று நினைத்தால், அடுத்த கும்பாபிஷேகத்துக்குப் பிளானை மறுபடி வரையக் காசு எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. கோயில் அலுவலகத்திலோ கடையிலோ பழைய கணினியைப் பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன், அந்தக் காலத்தில் பிளான் வரைந்தவருக்கு ஒரு போன் அடியுங்கள். எழுத்துருக்கள் அந்தக் கணினியில் இருக்கலாம், இல்லாவிட்டால் அவரிடம் இருக்கலாம். அவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.